மலிவுக் கடைக்குப் போற மருமகனுக்கு மாமன் சொல்றது

மருமகன், போன சித்திரை வருசத்துக்குப் பெரிய கடைக்குப் போய் நீ 4,200 ரூபா மிச்சம் பிடிச்ச கதை படுவான்கரை முழுக்கப் பரவிப் போய்க் கிடக்கு. உன்ட மாமி அயல்சனத்துக்கெல்லாம் சொல்லி முடிச்சிட்டா. எனக்கு ஒரேயொரு சந்தேகம்தான். அந்த 4,200 ரூபா இப்ப எங்க கிடக்கு? பெட்டகத்திலயா, வங்கியிலயா, மருமகள்ட கைப்பையிலயா? கிடந்தா ஒரு கிழமைக்குக் கைமாத்தாத் தா. உழவு மெசினுக்கு டீசல் அடிக்க வேணும். விலைக்கழிவில மிச்சம் பிடிச்ச சல்லியில டீசல் அடிச்ச ஆள் இந்த வட்டையில இன்னும் ஒருத்தரும் இல்ல. முதல் ஆளா நான் இருந்திட்டுப் போறன்.

கோவிக்காத. மாமன்காரன் பகிடி விடாம வேற ஆர் விடுறது? எங்கட வழக்கப்படி நீ பொஞ்சாதி வீட்டுக்குப் போய், மட்டக்களப்பு வாவிக்கு அங்கால எழுவான்கரைக்காரனாகிட்டா. ஆரையம்பதி தாண்டினா காத்தான்குடி, காத்தான்குடி தாண்டினா கல்லடி, பாலத்தைக் கடந்தா டவுன். வாசல்ல இறங்கினா ரெண்டு பக்கமும் கடை. கண்ணாடிக் கதவு, குளிர், உள்ளுக்குப் பாட்டு. எங்கட பக்கம் இறங்கினா வயலும் எருமையும்தான். ஆனபடியா நீ கடைக்குப் போறதில எனக்கு ஒரு குறையும் இல்ல. போ. நல்லாப் போ. எப்பிடிப் போறது எண்டு மட்டும் கேட்டுக் கொண்டு போ. நான் கூட்டுறவுச் சங்கக்கடையில மனேஜரா இருந்து நரைச்ச தலை. தராசுக்கு இந்தப் பக்கமும் நிண்டிருக்கன், அந்தப் பக்கமும் நிண்டிருக்கன்.

முதல்ல வாசல்ல நிக்கிற தள்ளுவண்டில். அதை மரியாதையாப் பாத்துக் கும்பிட்டிட்டுத் தள்ளு, ஏனெண்டா அது சும்மா வந்த சாமான் இல்ல. 1916இல அமெரிக்காவில மெம்பிஸ் எண்ட ஊரில கிளாரன்ஸ் சோண்டர்ஸ் எண்டொருத்தன் ஒரு கடை திறந்தான். அதுவரைக்கும் அங்கயும் எங்கட நாட்டுக் கடை மாதிரித்தான், மேசைக்கு அங்கால நிக்கிறவன் எடுத்துத் தருவான், இங்கால நிக்கிறவன் வாங்குவான். சோண்டர்ஸ் அந்த மேசையைத் தூக்கினான். சனமே உள்ளுக்குப் போய்ச் சாமானை எடுக்கட்டும் எண்டு விட்டான். யோசிச்சுப் பார், சங்கக்கடை எனக்குச் சம்பளம் தந்து செய்விச்ச வேலையை நீ இப்ப குளிருக்குள்ள நிண்டு சும்மா செய்து குடுக்கிறா. செய்து போட்டு, போற நேரம் நீயே சல்லியும் கட்டிறா. இப்பிடி ஒரு வேலைக்காரன் எந்தப் போடியாருக்கும் வாய்ச்சதில்ல.

மறுகா 1937இல ஒக்லகோமா நகரத்தில சில்வன் கோல்ட்மன் எண்ட கடைக்காரனுக்கு ஒரு தலையிடி. சனம் கூடை பாரமானவுடன சாமான் எடுக்கிறதை நிப்பாட்டுது. கை நோகுது, வீட்டுக்குப் போகுது. இவன் ஒரு மடக்குக் கதிரையைப் பாத்தான், அதுக்குச் சில்லுப் பூட்டி ரெண்டு கூடையை வைச்சான். வண்டில் தயார். ஆனா ஒரு குஞ்சும் அதைத் தொடல்ல. ஆம்பிளையள் எங்களுக்குக் கூடை தூக்கப் பெலன் இல்லையா எண்டாங்கள். பொம்பிளையள் பிள்ளை வண்டில் தள்ளிக் களைச்சது காணும் எண்டாங்கள். கோல்ட்மன் என்ன செய்தான் தெரியுமா? கிழடு, இளசு எல்லாத்திலயும் ஆள் பிடிச்சு, கூலி குடுத்து, சாமான் வாங்கிற மாதிரி அந்த வண்டிலைத் தள்ளிக் கொண்டு கடைக்குள்ள திரிய விட்டான். அதைக் கண்ட சனம் தானும் தள்ளத் தொடங்கிச்சு. இண்டைக்கும் தள்ளுது. இதெல்லாம் என்ட பேரன் போனில வாசிச்சுக் காட்டினவன். கேட்டு நான் சிரிச்ச சிரிப்பில வெத்திலை தொண்டையில போயிட்டு. எங்கட ஊரில கூத்துப் பழக்கிற அண்ணாவியாருக்குக் கூட இந்த மூளை வராது.

ஆனபடியா உனக்கு மாமன்ட முதல் ஆலோசனை: வண்டிலை எடுக்காத, கைக்கூடையும் எடுக்காத. வீட்டில கிடக்கிற ஓலைப்பையைக் கொண்டு போ. கை நோகேக்க நிப்பாட்டு. கை ஒரு நாளும் பொய் சொல்லாது. ஆனா நீ கேக்க மாட்டா. கூட வாற புள்ளை வண்டிலுக்குள்ள ஏறி இருக்க வேணும் எண்டு அழும். சரி, புள்ளைக்காக எடு. புள்ளையை இறக்கினாப் பிறகு அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் ஆருக்காக எண்டு மட்டும் எனக்குப் பிறகு சொல்லு.

அடுத்தது, நீ பால்மாப் பெட்டி ஒண்டு வாங்கத்தானே போனா? அது எங்க கிடந்தது? கடைசி மூலையில. அரிசி? அதுவும் அங்காலதான். வாசலுக்குக் கிட்டக் கிடந்தது பிஸ்கட்டும், சொக்கலேட்டும், கழிவு போட்ட பிளாஸ்ரிக் வாளியும். உனக்குத் தேவையானதைக் கடைசியில வைச்சா, தேவையில்லாத எல்லாத்தையும் நீ பாத்துப் பாத்துத்தான் போக வேணும். கண்ணுக்கு நேர கிடக்கிற தட்டில விலை கூடினது. குனிஞ்சு எடுக்கிற தட்டில விலை குறைஞ்சது. என்னை மாதிரி முழங்கால் நோவுக்காரன் குனிய மாட்டான் எண்டு அவங்களுக்குத் தெரியும். நீ இளந்தாரி, குனிஞ்சு எடு. மானம் போகாது.

இந்த வழி தவற வைக்கிற வித்தைக்கு ஒரு பெரிய மனிசன்ட பேரே வைச்சிருக்கிறாங்களாம். விக்ரர் குரூவன் எண்டு வியன்னாவில இருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு கட்டடக்காரன். மினசோட்டா மாநிலத்தில ஈடைனா எண்ட ஊரில 1956இல நாலு பக்கமும் மூடி, கூரை போட்டு, உள்ளுக்குக் குளிரும் சூடும் ஒரே அளவில வைச்ச கடைத் தொகுதி ஒண்டைக் கட்டினான். சவுத்டேல் எண்டு பேர். அந்த மாதிரியில அதுதான் முதலாவது எண்டு சொல்றாங்க. அந்தாளுக்கு ஆசை என்னெண்டா, தன்ட வியன்னா ஊர் மாதிரிச் சனம் கால்நடையாத் திரிஞ்சு, இருந்து கதைச்சு, கோப்பி குடிக்கிற ஒரு ஊர் நடு. மறுகா நடந்தது வேற. சுத்தி வர ஆயிரக்கணக்கில கார் நிப்பாட்டுற வெளி. உள்ளுக்குப் போனவன் எதுக்கு வந்தான் எண்டதை மறந்து, கண்டதையெல்லாம் வாங்கிறான். வயசு போன காலத்தில குரூவன் தான் பெத்த புள்ளையைப் பாத்து, இது என்ட இல்ல எண்டு கையை விரிச்சிட்டான். பொல்லாத புள்ளையைப் பெத்த எங்கட ஊர்த் தேப்பன்மாரும் இதைத்தான் சொல்றவங்க. சொல்லி என்ன, புள்ளை வளந்திட்டுது.

இன்னொண்டு சொல்றன், இதைக் கேட்டாவது சிரி. அமெரிக்காவில கேமார்ட் எண்டு ஒரு மலிவுக் கடைக் கூட்டம். 1962இல தொடங்கினது. அதே வருசம்தான் வோல்மார்ட்டும் டார்கெட்டும் பிறந்தது, மூண்டும் ஒரே வருசத்துப் புள்ளையள். கேமார்ட் கடை ஒண்டில 1965இல ஒரு மனேஜர் பொலிஸ் வாகனத்தில பூட்டுற மாதிரி ஒரு மினுக்கு விளக்கை ஒரு தடியில கட்டி, விக்காத சாமானுக்குப் பக்கத்தில கொண்டு வந்து நிப்பாட்டினான். நீல வெளிச்சம் சுத்திச்சு எண்டா, அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அந்தச் சாமானுக்கு விலைக்கழிவு. சனம் ஓடி வந்து அள்ளுமாம். எங்கட பக்கம் யுத்த காலத்தில அப்பிடி ஒரு விளக்கு சுத்தினா, சனம் மற்றப் பக்கமாத்தானே ஓடும்? வேலி பாஞ்சு, வட்டைக்குள்ள இறங்கி, செருப்பையும் விட்டிட்டு. நல்ல காலம், அந்த மனேஜர் வவுணதீவில கடை போடல்ல.

அந்தக் கேமார்ட்டுக்கு ஒரு காலம் 2,000க்கு மேல கடை. அமெரிக்கப் பெருநிலத்தில அவங்கட கடைசிப் பெரிய கடை 2024 ஐப்பசியில பூட்டுப்பட்டுது. விளக்கைச் சுத்தினவனுக்கும் ஒரு நாள் விளக்கணையும் எண்டு நான் சொல்ல வரல்ல. பெரிய கடை எண்டா எண்டெண்டைக்கும் நிக்கும் எண்டு நம்பி அதுக்குப் பக்கத்தில காணி வாங்க வேணாம் எண்டுதான் சொல்றன். நீ அந்த யோசினையில இருக்கிறா எண்டு மாமி சொன்னா.

இப்ப எங்கட நாட்டுக் கதைக்கு வா. 1844 எண்ட வருசத்தை ஞாபகம் வைச்சுக்கொள். அந்த வருசம்தான் இலங்கையில கார்கில்ஸ் கொம்பனிக்கு வேர் விட்டது. கப்பல்ல வாற சாமானைத் துரைமாருக்கு விக்கிற வெள்ளைக்காரன்ட யாவாரம். கொழும்புக் கோட்டையில நிக்கிற அந்தச் சிவப்புக் கட்டடம் 1906இல வந்தது. அவங்கட புட் சிற்றி எண்ட முதல் சுப்பர் மார்க்கட் 1983இல கொழும்பில திறந்தது. பிறகு ஊர் ஊராப் பரவி எங்கட மட்டக்களப்புக்கும் வந்திட்டுது. அதே 1844இல, மார்கழி மாசம், இங்கிலாந்தில ரொச்டேல் எண்ட ஊரில நெசவுக்காரரும் வேற வேலைக்காரருமா இருபத்தெட்டுப் பேர் சல்லி சேத்து ஒரு கடை போட்டாங்க. மா, சீனி, வெண்ணெய், மெழுகுதிரி எண்டு ஒரு சில சாமான்தான். கலப்படம் இல்லாமச் சரியான நிறையில விப்பம், வாற லாபத்தை ஆர் எவ்வளவு வாங்கினாங்களோ அந்தக் கணக்குக்குப் பிரிச்சுத் திருப்பிக் குடுப்பம் எண்டாங்க. உலகத்துக் கூட்டுறவுக் கடையளுக்கெல்லாம் அதுதான் வழிகாட்டி. சங்கக்கடைக்கும் அதுதான் பாட்டன். நீ இப்ப துள்ளிற கழிவு இருக்கே, அதை வருச முடிவில கையில சல்லியாத் தந்தது அந்தக் கடை. அந்தச் சல்லியில டீசல் அடிக்கலாம்.

சங்கக்கடை எண்டா பொற்காலம் எண்டு நான் சொன்னா நீ நம்பாத. 1942இல ரெண்டாம் உலக யுத்தத்தோட கூப்பன் வந்தது. அரிசிக்குக் கூப்பன், சீனிக்குக் கூப்பன். 1957இல பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் எண்டு ஊர் ஊராப் பெருப்பிச்சாங்க. எழுபதுகளில நான் மேசைக்கு அங்கால நிண்ட காலம், சனத்துக்கு எதை எடுக்கிறது எண்ட தலையிடியே கிடையாது. வந்ததை வாங்கு, வராததுக்கு வரிசையில நில்லு. சீத்தைத் துணி ஒரே நிறத்தில வரும், ஊர்ப் பொம்பிளையள் எல்லாரும் ஒரே சட்டையில திருவிழாவுக்குப் போவாங்க. மாப்பிள்ளை பாக்க வந்தவன் எந்தப் பெட்டை எண்டு தெரியாம முழிச்ச கதையும் இருக்கு. 1977இல ஜே. ஆர். ஜயவர்த்தன ஆட்சிக்கு வந்து இறக்குமதிக்குக் கதவைத் திறந்து விட்டார். ஜப்பான் றேடியோ வந்தது, நைலோன் சாரி வந்தது, சங்கக்கடையில ஈ மொய்ச்சது. அதில சனத்துக்கு ஒரு பிழையும் இல்ல. நானே என்ட முதல் றேடியோவைச் சங்கத்தில வாங்கல்ல.

மறுகா வந்த யுத்த காலம் உனக்கும் தெரியும். வாவிக்கு இங்கால ஒரு ஆட்சி, அங்கால ஒரு ஆட்சி. ஒரு பற்றி, ரெண்டு சவுக்காரம் கூடுதலாக் கொண்டு வந்தா சோதனைச் சாவடியில விளக்கம் சொல்ல வேணும். மண்முனையில அப்ப பாலம் இல்ல, பாதை எண்ட மிதவையிலதான் கடக்க வேணும். பாதை வரும் வரைக்கும் வெயிலுக்குள்ள நிக்க வேணும். அப்பிடி நிண்ட சனத்துக்கு 2014இல ஜப்பான்காரன்ட உதவியோட பாலம் திறந்தவுடன என்ன வரும்? கடை ஆசைதான் வரும். வராட்டித்தான் புதினம். கொக்கட்டிச்சோலையில காலத்தால வெளிக்கிட்டவன் பத்து மணிக்கு முன்னம் சாமானோட வீட்டை நிக்கிறான். அந்தப் பாலத்தால போன முதல் சாமான் நெல்லு, வந்த முதல் சாமான் தவணைக் காசுக்கு எடுத்த மோட்டார் சைக்கிள். இதை நான் கண்ணால கண்டதாச் சொல்லல்ல, ஆனா பொய்யெண்டு சொல்ல ஊரில ஒருத்தரும் வர மாட்டாங்க.

பாலத்துக்கு முன்னம் எங்களுக்குக் கடை இல்லாம இல்ல. கடை எங்களைத் தேடி வந்தது. காத்தான்குடிப் பக்கத்துப் பொட்டணி யாவாரி சைக்கிள்ல சீலை மூட்டையைக் கட்டிக் கொண்டு, பாதையால கடந்து வருவார். திண்ணையில இருந்து மூட்டையை அவிழ்ப்பார். எட்டு நூறு சொல்லுவார், எங்கட பெரியம்மா மூண்டு நூறு சொல்லுவா. அவர் எழும்பிப் போற மாதிரிப் போவார், பெரியம்மா கதவைச் சாத்திற மாதிரிச் சாத்துவா. ரெண்டு பேருக்கும் தெரியும் ஐஞ்சு நூறில முடியும் எண்டு. அதுக்கிடையில தேத்தண்ணி, வெத்திலை, அங்கால ஆருக்குக் கலியாணம், இங்கால ஆர் மௌத்து எல்லாம் பேசி முடியும். சல்லி? சூடு அடிச்சு முடியட்டும் எண்டு போட்டுப் போவார். நெல்லாவும் வாங்குவார். 1990இல அந்தப் போக்குவரத்து அறுந்து போச்சு. தமிழ், முஸ்லிம் எண்டு ரெண்டு பக்கமும் ரத்தம் கண்ட பிறகு திண்ணையில ஆர் வந்து மூட்டை அவிழ்ப்பான்? அதுக்குப் பிறகு நடுவீதியில பேரீச்ச மரம் நட்டு அழகாக்கின காத்தான்குடிக்கு நாங்க போய் வாங்கிறம். நல்ல துணி, நல்ல விலை. ஆனா திண்ணை திரும்பி வரல்ல. அதுக்கு எந்தக் கடையிலயும் கழிவு இல்ல.

பொட்டணி யாவாரிக்கு எங்கட குடி, கோத்திரம், கடன், குறை எல்லாம் தெரியும். அதாலதான் கடன் தந்தார். இப்ப பெரிய கடையில சல்லி வாங்கிற பெட்டை உன்னைப் பாத்து என்ன கேக்கிறாள்? போன் நம்பர். நீயும் பெருமையாச் சொல்றா. பொயின்ற் சேருதாம். கொப்பன்ட பேரைக் கேட்டவன் கடன் தந்தான், போன் நம்பரைக் கேட்டவன் பிறந்த நாளைக்கு மெசேஜ் அனுப்புறான். நீ எந்தக் கிழமை சவுக்காரம் முடிப்பா, புள்ளைக்கு எப்ப பல்லு முளைக்கும் எண்டெல்லாம் அந்தக் கொம்பியூட்டருக்குத் தெரியும். உன்ட பொஞ்சாதிக்குத் தெரியாததும் தெரியும். ஆனபடியா வெளிநாட்டுச் சிகரட் வாங்கிற நாளில நம்பரைச் சொல்லாத. இது மாமனா உனக்குச் சொல்ற அந்தரங்க ஆலோசனை.

அட்டையால கட்டினா மரக்கறிக்கு இத்தினை வீதம் கழிவு எண்டு வங்கி விளம்பரம் போடுதே, அதுக்கும் ஒரு கதை. மாச முடிவில முழுக்கக் கட்டி முடிச்சியெண்டா நீ கெட்டிக்காரன், கழிவு உனக்கு. மிச்சம் வைச்சியெண்டா வருசத்துக்கு 25 வீதம் அளவில வட்டி. கத்தரிக்காயில வந்த கழிவை வட்டியில குடுத்திட்டு, கத்தரிக்காயையும் போன கிழமையே தின்னு முடிச்சிருப்பா. எங்கட பக்கம் நுண்கடன் எண்டு வீடு வீடா வந்து பொம்பிளையளுக்குச் சல்லி குடுத்து, பிறகு வாசல்ல வந்து குந்தியிருந்தவங்களை நாங்க கண்டனாங்க. அட்டைக்காரன் வாசலுக்கு வர மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். போன் எடுப்பான்.

இவ்வளவும் சொன்னாலும், பெரிய கடைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாட்டி என்ட நாக்கு அழுகிப் போகும். சாரனும் கட்டி, தோள்ல துவாயும் போட்டுக் கொண்டு, சேறு காயாத காலோட அந்தக் காலத்து டவுன் கடைக்குப் போனா, காற்சட்டைக்காரனைக் கவனிச்சு முடிச்ச பிறகுதான் எங்களைத் திரும்பிப் பாப்பான். சில கடையில பேரைச் சொல்லாம ‘டேய்’ எண்டுதான் கூப்பிடுவான். இந்தக் குளிர்க் கடையில அது இல்ல. வரிசையில எனக்கு முன்னால டொக்டர் நிண்டாலும் அவருக்குப் பிறகு நான்தான், எனக்குப் பிறகுதான் இஞ்சினியர். விலை எல்லாருக்கும் ஒண்டு. தராசு மின்சாரத் தராசு, கட்டை விரலால அமத்த ஒண்ணா. கட்டை விரல் சங்கதி எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்காத. எந்த ஊரிலயும் தராசு பிடிச்ச எல்லாருக்கும் தெரியும்.

சட்டமும் ஒண்டு இருக்கு, அதையும் சொல்லிப் போடுறன். பெட்டியில அச்சடிச்சிருக்கிற உயர்ந்தபட்ச சில்லறை விலைக்கு மேல ஒரு சதம் வாங்கவும் ஒரு கடைக்கும் உரிமை இல்ல. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கு, முறைப்பாட்டுக்கு 1977 எண்டு போன் நம்பர் இருக்கு. கதவைத் திறந்து விட்ட அதே வருசம்தான், ஞாபகம் வைக்கச் சுகம். கழிவுப் பலகையில சிவப்புக் கோடு போட்டு வெட்டின விலையைப் பாக்காத, பெட்டியில அச்சடிச்ச விலையைப் பார். நீ கட்டப் போற விலையும் அதுவும் ஒண்டெண்டா அங்க கழிவு எண்டு ஒண்டும் இல்ல, சிவப்பு மைச் செலவுதான். ரெண்டு எடுத்தா ஒண்டு இலவசம் எண்டா காலாவதித் திகதியைப் பார். 990 ரூபா எண்டா ஆயிரம் எண்டு வாசி. பில்லில 18 வீத வற் வரி ஒளிஞ்சிருக்கும், அது கடைக்காரன்ட குற்றம் இல்ல, கொழும்பில இருக்கிறவங்கட. காணும்.

இப்ப மாமன் உன்னைக் கூப்பிட்டு வைச்சு இவ்வளவு நேரம் கதைச்ச விசயத்துக்கு வாறன்.

மட்டக்களப்பு மாவட்டத்திலயே பெரிய மலிவு விற்பனை எங்க நடக்குது தெரியுமா? டவுன்ல இல்ல, காத்தான்குடியில இல்ல, கல்முனையில இல்ல. மாசி மாசத்தில எங்கட வயல் வரம்பில நடக்குது. பலகை இல்ல, பாட்டு இல்ல, பலூன் இல்ல. ஒரு லொறி வரும், ஒரு யாவாரி இறங்குவான், ஒரு கைத்தராசு இறக்குவான். அந்தக் காலம் வெட்டி, கட்டி, சூடு வைச்சு, களவெட்டியில மிதிச்சு, பட்டறையில கொட்டி வைச்சு, விலை ஏறேக்க வித்தம். நெல்லு காஞ்சு கிடந்தது, நாங்களும் பொறுத்து இருந்தம். இப்ப வெட்டு மெசின் ஒரு நாளில வெட்டி, அடிச்சு, ஈர நெல்லாச் சாக்கில கொட்டிப் போட்டுப் போகுது. காயப் போட இடமில்ல. தார் றோட்டில பரப்பினா பஸ்காரன் ஏசுறான். மழை இருட்டிக் கொண்டு வருது. மெசின்காரனுக்குக் கூலி, உரக் கடைக்குக் கடன், உழவு மெசினுக்கு லீசிங் எல்லாம் அதே கிழமையில வாய் திறந்து நிக்குது. யாவாரிக்கு இது எல்லாம் தெரியும். பொட்டணி யாவாரிக்கும் எங்கட கடன் தெரியும், ஆனா அவர் தெரிஞ்சு கடன் தந்தார். இவன் தெரிஞ்சு விலையைக் குறைக்கிறான்.

2025 மாசியில அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா எண்டு விலை சொல்லிச்சு. சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132. நல்லது. ஆனா நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கிறதுக்கு ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல இருக்க ஒண்ணா. எங்கட நெல்லு ஈரமா மெசினால விழுகுது. 14 வீதம் ஆகும் வரைக்கும் அதைக் காய வைக்கிற வெளி போடியாருக்கு இருக்கும், எனக்கு எங்க? ஆனபடியா வரம்பில நிக்கிற லொறிதான் எங்கட சபை. அங்க விலையும் கழியும், ஈரத்துக்கு எண்டு மூட்டைக்கு இத்தினை கிலோ எண்டு நிறையும் கழியும், சாக்குக்கும் கழியும். கழிவுக்கு மேல கழிவு. உன்ட கடையில இப்பிடி மூண்டு தரம் கழிச்சுத் தந்த நாள் ஒண்டு இருக்கா?

கணக்கை நேர்மையாப் பாப்பம். ஒரு கிலோ அரிசிக்கு ஒண்டரைக் கிலோ நெல்லு வேணும். 120 ரூபாப்படி அது 180. கட்டுப்பாட்டு விலையில நாட்டரிசி 230 எண்டு 2024 மார்கழியில அரசாங்கமே சொன்னது. நடுவில ஐம்பது ரூபாவில அவிச்சு, குத்தி, ஏத்தி, இறக்கி, கடைக் குளிருக்கும் சல்லி கட்ட வேணும், அது அநியாயம் எண்டு சொல்ல நான் வரல்ல. ஆனா வரம்பில எண்பது, தொண்ணூறு எண்டு போற நாளில அந்த ஐம்பது நூறாகும். அந்த நூறில இருந்து அஞ்சு ரூபாவைக் கிள்ளித்தான் ‘விசேட விலைக்கழிவு’ எண்டு உனக்குப் பலகை மாட்டுறாங்க. உன்ட மாமன்ட மடியில இருந்து எடுத்ததை உன்ட மடியில கொஞ்சம் போட்டுப் போட்டு, ரெண்டு பேரையும் சிரிக்கச் சொல்றாங்க. நீ சிரிச்சா. நானும் சிரிச்சிருப்பன், பல்லில்லாததால தெரியல்ல.

நெல்லு மட்டுமில்ல. வாவி நண்டும் இறாலும் விடியமுன்னம் ஐஸ் பெட்டியில ஏறிக் கொழும்புக்குப் போகுது. நல்லது போக, மிச்சம்தான் எங்கட சந்தைக்கு. எருமைத் தயிர் சட்டியில கட்டினபடி றோட்டோரத்தில அந்தியாகுது, யாவாரி அந்தி விலைக்குத்தான் கேப்பான், ஏனெண்டா அது நாளைக்குப் புளிக்கும். புளிக்கிற சாமானை விக்கிறவனுக்குக் கழிவு குடுக்காம இருக்க வழியில்ல. புளிக்காத பிளாஸ்ரிக் வாளியை விக்கிறவன் கழிவு குடுத்தா, அது அவன்ட இஷ்டம். ஒரே சொல்லுத்தான், ஆனா குடுக்கிறவன்ட முகத்தைப் பார்.

2022இல நாடு முழுக்க வரிசையில நிண்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். புரட்டாதி மாசம் விலைவாசி வருசத்துக்கு 70 வீதம் அளவுக்கு ஏறி நிண்டது. பால்மாவுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. உன்ட குளிர்க் கடைத் தட்டில வெறுமை. அப்ப நீ பொஞ்சாதி புள்ளையோட மண்முனைப் பாலத்தால இங்கால வந்தா, ஞாபகமா? பட்டறை நெல்லைக் குத்தி ஒரு மூட்டை ஏத்தி விட்டனான். அதுக்கு நான் கழிவும் போடல்ல, விலையும் போடல்ல, உன்ட போன் நம்பரும் கேக்கல்ல.

அதுக்குப் பதிலா இப்ப ஒரு உதவி கேக்கிறன். நீ படிச்சவன், விலையை விலையோட ஒப்பிட்டுப் பாக்கிற வித்தையில வல்லவன். ஒரு ஷாம்பூப் போத்தலுக்கு மூண்டு கடை ஏறி இறங்கிறா. அந்தக் கெட்டித்தனத்தில கொஞ்சத்தை எங்கட பக்கமும் கொண்டு வா. வாற மாசி அறுவடைக்கு ரெண்டு நாள் லீவு போடு. லொறி வாற நேரம் தராசுக்குப் பக்கத்தில நில்லு. மூட்டைக்கு எத்தினை கிலோ கழிக்கிறான் எண்டு போனில குறி. அங்கால வட்டையில என்ன விலை போகுது எண்டு கேட்டு அவனுக்கு முன்னால சத்தமாச் சொல்லு. உன்னை மாதிரி எழுவான்கரைக்குப் போன மருமக்கள் பத்துப் பேர் சேந்து, நெல்லுக் காய வைக்க ஒரு சீமெந்துத் தளம் போட்டுத் தந்தா, சபைக்கே குடுக்கலாம். பத்துப் பேரும் ஒரு சித்திரை வருசத்துக் கடைச் செலவை விட்டாலே அத்திவாரத்துக்குக் காணும்.

வாறதெண்டா முதல் நாள் அந்திக்கே வா, மாமி கொய் மீன் குழம்பு வைப்பா. தள்ளுவண்டில் கொண்டு வராத, வரம்பில உருளாது.